மிதித்தும் ஏறாத கார்: எக்ஸலேட்டர், த்ரொட்டில் சென்சர் பற்றி மலையகத்துச் சாரதிகள் கேட்பவை

கினிகத்தேனை தாண்டி வட்டவளைப் பக்கம் மழையில் ஏறிக்கொண்டிருந்த கார் திடீரென்று மூச்சடைத்துப் போனது என்ற கதையோடு கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், கதை முடியும் முன்னரே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார்கள்: "எக்ஸலேட்டர் சென்சர் போய்விட்டதாம்." சிலர் கையில் புதிய பெடலே இருக்கும். எந்தக் கோளாறு, எந்தச் சோதனையில் தெரியும், எப்போது பணத்தைச் செலவழிக்கலாம் என்பதை அவர்கள் கேட்கும் வரிசையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

எக்ஸலேட்டர் சென்சரும் த்ரொட்டில் சென்சரும் ஒன்றா?

இல்லை. எக்ஸலேட்டர் சென்சர் உங்கள் காலடியில், பெடலில் இருக்கிறது, இங்கே அதைக் கால் சென்சர் என்கிறேன். த்ரொட்டில் சென்சர் எஞ்சினில் இருக்கிறது. பழைய கார்களில் பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய், காற்று நுழையும் குழாயில் உள்ள வட்டத் தகட்டைத் திருப்பும். அந்தத் தகடு இருக்கும் உறுப்பைத்தான் த்ரொட்டில் பொடி என்கிறோம். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்ல அதன் பக்கத்தில் ஒரேயொரு சென்சர் இருக்கும். கேபிள் மாடல்களில் கால் சென்சர் என்று ஒன்று கிடையாது.

இப்போது ஓடும் பெரும்பாலான ஜப்பானிய கார்களில் கேபிளே இல்லை. பெடலில் இருக்கும் சென்சர் உங்கள் கால் கேட்பதைக் கணினிக்குச் சொல்கிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்று கணினி முடிவெடுக்கிறது. ஒரு சிறிய மோட்டர் தகட்டைத் திருப்புகிறது. சொன்ன அளவுக்குத் திரும்பியதா என்று த்ரொட்டில் பொடியில் உள்ள சென்சர் பார்த்துத் திருப்பிச் சொல்கிறது. கால் கேட்டது, தகடு திறந்தது, எஞ்சின் இழுத்தது: இந்த மூன்றில் எது எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்பதுதான் சோதனை. மற்றதெல்லாம் ஊகம்.

ஒவ்வொரு சென்சரும் இரட்டையாக இருப்பது ஏன்?

கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிறுக்கிறவர் ஒரு கணக்கு எழுதுவார், பறித்த அம்மா தன் துண்டில் இன்னொன்றைக் குறித்துக்கொள்வார். இரண்டும் ஒத்தால் பேச்சில்லை. ஒத்துவராவிட்டால் அன்றைக்கு மடுவத்தில் யாரும் சும்மா நகரமாட்டார்கள்.

கால் சென்சருக்குள் அப்படி இரண்டு தனித்தனி மின்சுற்றுகள் உள்ளன. ஒரே அசைவை இரண்டும் வெவ்வேறு வோல்ற்றில் சொல்கின்றன. பல டொயோட்டா மாடல்களில் காலை எடுத்த நிலையில் முதலாவது 0.5 முதல் 1.1 வோல்ற் வரை இருக்கும், இரண்டாவது 1.2 முதல் 2.0 வரை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.8 வோல்ற் இடைவெளி, மிதிக்க மிதிக்க அந்த இடைவெளி மாறாமலே இரண்டும் ஏறும். வேறு சில நிறுவனங்களின் கார்களில் இரண்டாவது முதலாவதில் சரியாகப் பாதி. த்ரொட்டில் பொடியில் சில மாடல்களில் ஒன்று ஏற மற்றது இறங்கும், கூட்டினால் எப்போதும் 5 வோல்ற் வரும். உங்கள் மாடலில் எந்த முறை என்று தெரியாமல் "இரண்டும் வேறு வேறாகக் காட்டுகிறது, அதனால் பழுது" என்று முடிவு செய்துவிடாதீர்கள். வேறு வேறாகக் காட்டுவதுதான் அதன் வேலை.

பழுதானால் கார் எப்படி நடந்துகொள்ளும்?

செக் எஞ்சின் விளக்கு எரியும், மிதித்தாலும் எஞ்சின் சுற்று ஏறாது, கார் ஊர்ந்து போகும். கணினி வேண்டுமென்றே காரை அடக்கிவைக்கும் நிலை இது. கால் சென்சரின் இரண்டு சுற்றுகளில் ஒன்று மட்டும் போனால், பல டொயோட்டாக்கள் மற்றதை நம்பிக் குறைந்த வலுவோடு ஓடவிடும். இரண்டும் போனால், நீங்கள் காலே வைக்கவில்லை என்று கணினி எடுத்துக்கொள்ளும். எஞ்சின் வெறும் ஓட்டத்தில், அதாவது காலை எடுத்தபோது ஓடும் குறைந்த சுற்றில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தகட்டின் பக்கம் கோளாறு என்றால் மோட்டருக்கான மின்சாரம் துண்டிக்கப்படும், ஸ்பிரிங் தகட்டை ஏறத்தாழ 6 பாகை திறப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்தச் சிறு இடுக்கு வழியே வரும் காற்றில்தான் வீடு வந்து சேர வேண்டும்.

இன்னொரு வகை உண்டு, அதுதான் தலைவலி. விளக்கு எரியாது. காலை ஒரு குறிப்பிட்ட அளவில் வைத்தால் மட்டும் கார் ஒரு கணம் தயங்கிப் பிறகு பாயும். உள்ளே ஒரு முனை உரசி நகரும் தேய்மானத் தடம் உள்ள பழைய வகை சென்சர்களில் இது வரும், ஏனென்றால் ஒரு சாரதியின் கால் நாள் முழுக்க ஒரே அளவில்தான் இருக்கும். மேட்டு வழியில் தினமும் ஏறி இறங்கும் காரில் அந்தத் தேய்மானம் பெடலின் நடுப்பகுதியில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கொழும்பில் நன்றாக ஓடிய கார் நுவரெலியாவில் இழுக்கவில்லை. சென்சர்தானே?

நூற்றில் ஒன்றுகூட இருக்காது என்று சொல்ல ஆசை, ஆனால் எண்ணிப் பார்த்ததில்லை. முதலில் காற்றைப் பற்றிப் பேசுவோம்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அது 81 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில், அங்கே 87 சுற்று வட்டாரத்தில் இருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு இழுப்பிலும் அந்த அளவுக்குக் குறைந்த காற்றைத்தான் குடிக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் 660 சீசீ கார் காட்டிய வலுவில் ஐந்தில் ஒரு பங்கை நானு ஓயா ஏற்றத்திலேயே மலை வாங்கிக்கொண்டுவிடும். போதாததற்கு நாலு பேர், பின்னால் மூட்டை, ஏசி. றம்பொடையில் அந்தக் கார் முனகாமல் ஏறினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதைப் பயன்படுத்தி ஒரு நல்ல சோதனையும் செய்யலாம். காற்றழுத்த சென்சர் உள்ள காரில், சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல், காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரில் அதன் அளவைப் பாருங்கள். நுவரெலியாவில் 80 முதல் 82 வரை காட்டினால் அந்தச் சென்சர் உண்மை பேசுகிறது. 100 காட்டினால் பொய் சொல்கிறது, உங்கள் தேடல் அங்கே தொடங்கட்டும். கொழும்பில் கற்ற கணக்கோடு வந்த சிலர் 81ஐப் பார்த்துவிட்டு நல்ல சென்சரைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

அடுத்து, சுற்று மீற்றரைப் பாருங்கள். மிதிக்கும்போது எஞ்சின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் நழுவுகிறது அல்லது கியர் பெட்டி வழுக்குகிறது. சுற்றே ஏறவில்லை என்றால் ஸ்கேனரில் தகட்டின் அளவைப் பாருங்கள். தகடு அகலத் திறந்திருந்தும் வலு இல்லையென்றால் சென்சர் தன் வேலையைச் செய்துவிட்டது. காற்று வடிகட்டி, பெற்றோல் பம்ப், அழுக்கேறிய காற்றோட்ட சென்சர், அடைத்த புகைக்குழாய் என்று வேறு பக்கம் போக வேண்டும். கால் அழுத்தியது பதிவாகவே இல்லை, அல்லது பதிவாகியும் தகடு அசையவில்லை என்றால் மட்டுமே இந்தப் பக்கத்தின் மிச்சம் உங்களுக்கு வேண்டும்.

ஈகோ பட்டனை அழுத்தியிருந்தால்?

அழுத்தியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். எரிபொருளை மிச்சம் பிடிக்கும் ஈகோ நிலையில் அதே கால் அழுத்தத்துக்குத் தகடு குறைவாகத் திறக்கும். இதற்காக மட்டும் ஸ்கேன் கட்டணம் கொடுத்தவர்கள் உண்டு.

மேட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று புறப்படும்போது கார் வலு இழந்து நிற்கிறது. ஏன்?

உங்கள் இடது கால் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டோமெட்டிக் காரில் பின்னால் உருளக்கூடாது என்று ஒரு காலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மற்றக் காலால் எக்ஸலேட்டரை மிதிக்கும் பழக்கம் மலைப்பாதையில் பலருக்கு இருக்கிறது. 2010ஐ ஒட்டிய காலத்துக்குப் பின் வந்த பல மாடல்களில் இரண்டு பெடலும் சேர்ந்து அழுத்தப்பட்டால் பிரேக்குக்குத்தான் முதல் மரியாதை. கணினி எஞ்சின் வலுவைக் குறைத்துவிடும். பெடல் சிக்கிக்கொண்டு கார் பாய்வதைத் தடுக்க வைத்த பாதுகாப்பு அது. கைப்பிரேக்கைப் போட்டுப் புறப்பட்டுப் பாருங்கள். கோளாறு காணாமல் போனால் அது கோளாறே இல்லை. கைப்பிரேக்கோடும் தயங்கினால், பிரேக் பெடலின் விளக்கு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கால் எடுத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் கணினியும் நீங்கள் பிரேக் பிடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஸ்கேன் செய்தால் வரும் எண்களுக்கு என்ன பொருள்?

அடிக்கடி வருபவை இவை. பி (P) 2122, பி 2123 என்றால் கால் சென்சரின் முதல் சுற்றில் வோல்ற் அளவு மீறிக் குறைவு அல்லது அதிகம். பி 2127, பி 2128 இரண்டாவது சுற்றுக்கு அதேதான். பி 2138 என்றால் கால் சென்சரின் இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. தகட்டின் பக்கம் அதே தகராறு பி 2135. பி 0122, பி 0123, பி 0222, பி 0223 தகட்டு சென்சரின் குறைவும் மிகையும். பி 2111, பி 2112 தகடே திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ சிக்கியது. பி 0641, பி 0651 வந்தால் சென்சர்களுக்குப் போகும் 5 வோல்ற் வழங்கலிலேயே கோளாறு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண் ஒரு சுற்றின் பெயரைச் சொல்கிறது, ஒரு பாகத்தின் பெயரை அல்ல. சுற்று என்றால் சென்சர், அதன் சொக்கட், கணினி வரை போகும் வயர், பூமி (எர்த்) இணைப்பு எல்லாம்தான். "பி 2138, பெடல் மாற்று" என்று மொழிபெயர்க்கும் ஆளிடம் உங்கள் பணப்பையைக் கொடுக்காதீர்கள்.

எண்களை அழிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு விழுந்த கணத்தில் வேகம், எஞ்சின் சுற்று, வெப்பம் என்ன என்று பல கார்கள் பதிந்துவைக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அழித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று அனுப்பிவைப்பது, காய்ச்சல்காரரின் வெப்பமானியை உதறி வைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கியது என்பது போல.

சின்ன புளூடூத் ஸ்கேனர் போதுமா? காலே வைக்காமல் 16 சதவீதம் காட்டுகிறதே?

இ.எல்.எம். 327 வகைச் சிறு கருவியும் தொலைபேசிச் செயலியும் முதல் சோதனைக்குப் போதும். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய கார்கள் சிலவற்றோடு மட்டும் அது பேசாது. அதற்குக் கராஜ் ஸ்கேனர் வேண்டும்.

16 சதவீதம் கோளாறு இல்லை. செயலி 5 வோல்ற்றை 100 என்று வைத்துக் கணக்கிடுகிறது. காலை எடுத்தபோது முதல் சுற்று 0.8 வோல்ற் கொடுத்தால், 0.8ஐ 5ஆல் வகுத்தால் 16. இரண்டாவது சுற்று 1.6 கொடுத்தால் 32. அதேபோல அடியோடு மிதித்தாலும் 100 வராது. வயர் அறுந்தால் பூச்சியம் காட்டும், 5 வோல்ற்றோடு ஒட்டினால் 100 காட்டும், இந்த இரண்டையும் உண்மையான அழுத்தத்திலிருந்து பிரித்தறியத்தான் இரு முனையிலும் இடம் விட்டிருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, கோட்டை. செயலியில் இரண்டு கால் சுற்றுகளையும் வரைபடமாகப் போடுங்கள். சாவி திருப்பியபடி, எஞ்சின் இயங்காமல், பத்து விநாடி எடுத்துப் பெடலை மெதுவாக அடிவரை மிதித்து, அதே மெதுவில் விடுங்கள். இரண்டு கோடும் மாட்டுவண்டித் தடம்போல ஒன்றையொன்று தொடர வேண்டும். ஒன்றில் பல் விழுந்ததுபோல ஒரு பள்ளம் வந்தால் அந்த இடத்தில் இரண்டு மூன்று முறை முன்பின்னாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பள்ளம் என்றால் சென்சர் தேய்ந்திருக்கிறது. வயரை ஆட்டும்போது மட்டும் பள்ளம் என்றால் சென்சரை விட்டுவிட்டுச் சொக்கட்டைப் பிடியுங்கள். மலிவு ஸ்கேனர்கள் விநாடிக்குச் சில முறைதான் வாசிக்கும். அவசரமாக மிதித்தால் பள்ளம் இரண்டு வாசிப்புகளுக்கிடையே தப்பிப் போய்விடும்.

மல்டிமீற்றரால் எப்படிப் பார்ப்பது?

முதலில் பற்றரி. நின்ற காரில் 12.4 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் அளக்க வேண்டாம், அதைச் சரிசெய்யுங்கள். குளிர்ந்த காலையில் பலவீனமான பற்றரி ஸ்டார்ட் பண்ணும்போது சரிந்து, இல்லாத கோளாறுகளைக் கணினியில் எழுதிவிட்டுப் போகும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும்.

பிறகு பெடலுக்கு மேலே உள்ள சொக்கட். அதைக் கழற்றாமல், பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி வைத்து அளக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தாதீர்கள். இன்றைக்குக் குத்திய துளையில் வருகிற தென்மேற்குப் பருவமழையின் ஈரம் ஏறி அடுத்த வருடம் பச்சையாகப் பூத்து நிற்கும். வயர்ப் படம் இல்லாமல் சொக்கட்டின் எந்த முள் எதுவென்று ஊகிக்கவும் வேண்டாம்.

சாவியைத் திருப்பி, 5 வோல்ற் வழங்கும் முள்ளைப் பாருங்கள். 4.5க்கும் 5.5க்கும் இடையே இருந்தால் சரி. பூச்சியம் என்றால் கோளாறு பெடலில் இல்லாமலும் இருக்கலாம். அதே 5 வோல்ற்றைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு சென்சர், உதாரணமாக ஏசி அழுத்த சென்சர், உள்ளே ஷோட் ஆகி எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ற் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. அடுத்து பூமி முள்: அதற்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே 0.1 வோல்ற்றுக்கு மேல் இருந்தால் பூமி இணைப்பு அழுகியிருக்கிறது. கடைசியாக, கணினிக்கு வோல்ற் அனுப்பும் இரண்டு சைகை முட்களையும் மெதுவாக மிதித்தபடி பாருங்கள். முகப்பில் முள் அசையும் பழைய மீற்றர் வீட்டில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள். ஒரு கணத் துண்டிப்பை இலக்க மீற்றரைவிட அது நன்றாகக் காட்டும்.

ஓம் அளவில் வைத்துச் சோதிப்பது பழைய தேய்மானத் தட சென்சருக்கு மட்டும்தான். காந்தத்தால் உணரும் புதிய வகைக்கு அந்த அளவீடு எதையும் சொல்லாது.

பெடலை மாற்றிய பிறகும் பி 2138 திரும்பி வந்தது. இனி என்ன?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாகனத்தில் இதேதான் நடந்தது. இரண்டு பெடல் மாற்றியாயிற்று. வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை, மழை பெய்த மறுநாள் காலை விளக்கு எரியும். பெடல் சோதனையில் எல்லாம் சரி. நான் பெடலை விட்டுவிட்டு, சாரதி பக்கத்துக் கால்விரிப்பைத் தூக்கினேன். அடியில் பஞ்சு நனைந்து கிடந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் சவுக்கு ஊசிகளும் இலையும் சேர்ந்து தண்ணீர் போகும் வழியை அடைத்திருந்தன. மழைத் தண்ணீர் வழிந்து, வயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டே இறங்கி, சொக்கட்டில் சொட்டியிருக்கிறது. உள்ளே இரண்டு முட்களுக்கு இடையே பச்சைக் களிம்பு. அதன் வழியே ஒரு சுற்றின் வோல்ற் அடுத்ததற்குக் கசிந்தால் இரண்டு கணக்கும் எப்படி ஒத்துவரும்? இலையை அள்ளி, முட்களைத் துடைத்து, சொக்கட்டை மாற்றியதோடு முடிந்தது. அந்த இரண்டு பெடலும் இன்னும் அவர் வீட்டில் இருக்கின்றன, விற்கவும் முடியவில்லை.

ஆகவே மழைக்கும் விளக்குக்கும் தொடர்பு இருந்தால் முதலில் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். தொடர்பு இரவுக்கு என்றால் எலி. குளிருக்குச் சூடான எஞ்சின் மேல் படுக்க வரும் எலி போகும்போது வயரையும் ருசி பார்த்துவிட்டுத்தான் போகும். எஞ்சின் மூடியைத் திறந்ததும் புழுக்கையும் கடித்த பஞ்சும் கண்ணில் பட்டால் த்ரொட்டில் பொடிக்குப் போகும் வயர்க்கட்டை விரலால் தடவிக்கொண்டே போங்கள். "வேகமாகப் பாயும்" என்று சொல்லிப் பெடலுக்கும் கணினிக்கும் நடுவே பொருத்தும் சிறு பெட்டி உங்கள் காரில் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சோதனையே தொடங்க வேண்டும். கால் சொன்னதை மாற்றிச் சொல்வதே அதன் தொழில்.

கால்விரிப்பைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது: ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்புப் போட்டிருந்தால் மேலதை எடுத்துவிடுங்கள். அடிவரை போகாத பெடலுக்கும், திரும்பி வராத பெடலுக்கும் மின்சாரமே சம்பந்தப்படாத காரணம் அது.

த்ரொட்டில் பொடியைக் கழுவினால் சரியாகுமா?

கரி படிந்திருந்தால் ஓரளவு. வெறும் ஓட்டத்தில் நடுங்குவது, நிறுத்தும்போது அணைந்துபோவது போன்றவை கழுவினால் போகும். சென்சர் தேய்ந்திருந்தால் கழுவி என்ன பயன்?

கழுவுகிறவர்கள் சாவியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். சாவி திருப்பிய நிலையில் தகட்டை விரலால் தள்ளினால் மோட்டர் திடீரென்று மூடி விரலைக் கடித்துவிடும். பல்சக்கரமும் அதை விரும்பாது. மணல்தாள் வேண்டாம், தகட்டின் ஓரத்தில் உள்ள பூச்சு போய்விடும். அதற்கென்று உள்ள திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும்.

கழுவிய பிறகு எஞ்சின் சுற்று உயர்ந்தே நின்றால் பதற வேண்டாம். கரியோடு ஓடப் பழகிய கணினிக்குப் புதிய நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிசானில் பெடலின் விட்ட நிலையைக் கற்றுக்கொடுக்கக் காலை எடுத்துவிட்டு, சாவியை ஓன் செய்து 2 விநாடியாவது பொறுத்து, அணைத்து 10 விநாடியாவது பொறுத்து, மறுபடி ஒருமுறை அதையே செய்ய வேண்டும். ஹொண்டாவில் கணினியின் நினைவை அழித்த பின், கியரில் போடாமல் 3,000 சுற்றில் ரேடியேட்டர் விசிறி சுழலும் வரை பிடித்து, பிறகு காலை எடுத்து 5 நிமிடம் வெறும் ஓட்டத்தில் விட வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி மாதம் இதைச் செய்கிறவர் விசிறிக்காகக் காத்திருக்க ஒரு தேநீரும் வைத்துக்கொள்வது நல்லது.

ஹைபிரிட் கார்களுக்கும் இதே சோதனையா?

கால் சென்சருக்கு ஆம், அதே இரட்டைச் சுற்று, அதே வோல்ற் கணக்கு. ஆனால் அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் எஞ்சின் தானாக நிற்கும், தானாக எழும் என்பதால் "மிதித்தேன், எஞ்சின் சத்தம் வரவில்லை" என்பது ஒரு அறிகுறியே அல்ல. ஸ்கேனரை வைத்துத்தான் பேச வேண்டும். செம்மஞ்சள் நிற வயரில் கை வைக்காதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய பெடல் வாங்கிப் போடலாமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. அந்த இடைக்காலத்தில் இருக்கிற காரை இழுத்துப் பிடித்தே ஓட்டினோம், ஜப்பானிலிருந்து வந்த பழைய பாகங்கள் இல்லாமல் பல கராஜ்கள் நின்றிருக்காது. எனவே வாங்கலாம். பெடலின் மேல் அச்சடித்த பாக எண் ஒரு எழுத்துக்கூட மாறாமல் பொருந்த வேண்டும். பார்வைக்கு ஒரேபோல இருந்து வோல்ற் கணக்கு வேறாக உள்ளவை உண்டு. திருப்பிக் கொடுக்கும் பேச்சை வாங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். த்ரொட்டில் பொடி வாங்கினால் தகடு தடையில்லாமல் திரும்பி ஸ்பிரிங்கால் தானே வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வளைவில் வலு போய்விட்டால் என்ன செய்வது? அப்படியே வீடுவரை ஓட்டலாமா?

ஏற்றத்தில் என்றால் நான்கு விளக்கையும் மின்னவிட்டு இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுவந்து கைப்பிரேக் போடுங்கள், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். சாவியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துத் திருப்பினால் சில கோளாறுகள் அப்போதைக்கு விலகும். வழி விட்டுத் தரும், ஆனால் நோய் போகவில்லை.

இறக்கத்தில் என்றால் எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். குறைந்த கியரில் போட்டு இறங்குங்கள். அதற்கு மாறாகச் சுற்று தானாக ஏறிக் கார் பாய்ந்தால், பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தியபடி நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் கத்தினால் கத்தட்டும், நின்ற பிறகு அணைக்கலாம்.

வீடு கொட்டகலை, நீங்கள் நிற்பது ஹட்டன், பகல் நேரம், மழை இல்லை என்றால் அடங்கிய நிலையிலேயே ஓரமாக ஊர்ந்து போய்ச் சேரலாம். வீடு நுவரெலியா, நேரம் இரவு, மூடுபனி என்றால் வேண்டாம். பின்னால் வரும் லொறிக்காரர் உங்கள் விளக்கைப் பார்க்கும்போது இடைவெளி இருக்காது. காரை ஹட்டனிலேயே வெளிச்சமுள்ள இடத்தில் விட்டுவிட்டு, கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.